இரண்டு குப்பி, ஒரே வயிறு

என் வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டுகிறவர். மாரடைப்பு வந்தபோதுகூட, கையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கீழே விழுந்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அதை ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடையில் அளவுச் சீட்டு எழுதுவது என் வேலை. அன்றிலிருந்து அவர் மூச்சையும் அளக்க ஆரம்பித்தேன். மாடிப்படியில் எத்தனையாவது படியில் நிற்கிறார், கண்ணாடித் தகட்டைத் தூக்கும்போது முகம் எப்படிப் போகிறது, இதே நினைப்புதான். முட்டைக்கும் ஆட்டுக்கறிக்கும் தடா போட்டேன். வாயைத் திறந்தால் மாத்திரை போட்டீங்களா என்பதைத் தவிர வேறு வரவில்லை.

மூன்றாம் மாதம் இதய டாக்டர் எங்கள் இருவரையும் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தார். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில, கறியையும் முட்டை மஞ்சளையும் தின்று ஒரு பொருளை உண்டாக்குமாம். அது ஈரலுக்குப் போய் உருமாறி, ரத்தக்குழாயில் அழுக்கு படியக் காரணமாகலாமாம். வயது ஏற ஏற இந்தக் கூட்டமும் மாறுமாம். ஒரே சமையலைச் சாப்பிடும் தம்பதிக்குள் அது எப்படி வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஆளுக்கொரு குப்பி கொடுத்தார்கள். காலையில் வெளிக்குப் போகிறதில் கொஞ்சம் எடுத்து அடைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். நானே பெயர்ச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

அவர் ரிப்போர்ட் வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பொல்லாத கூட்டம் மிகக் குறைவு, வயிற்றின் வயது நாற்பத்தைந்து என்று எழுதியிருந்தது. மனிதருக்கு அறுபத்திரண்டு. என்னுடையதும் கிட்டத்தட்ட அதேதான். அன்று கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலமே இரண்டு முட்டை பொரித்தேன். அப்புறம் ஒரு மாதம் வீட்டில் கறி மணந்தது.

பிறகு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கழிவோடு ஆளுடைய சொந்தச் செல்களும் கொஞ்சம் வரும், அதைச் சரிபார்த்தோம் என்று இழுத்தாள்.

"ரெண்டு குப்பியிலயும் இருக்கிறது ஒரே ஆளோடதும்மா. பொம்பளையோடது."

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் வெட்டுக் கருவியைக் கீழே வைத்தார். நான் கேட்பதற்கு முன்பே தலை குனிந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் இருந்த என் குப்பியைத் திறந்து, ஐஸ்கிரீம் குச்சியால் பாதியைத் தன் குப்பிக்கு மாற்றியிருக்கிறார்.

நாற்பது வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. ஒரு மாதமாக என் கையாலேயே அவருக்கு விஷம் வைத்தேனோ என்ற பயம்தான் அப்படிக் கத்தியது. கூச்சமா என்றேன். சோம்பேறித்தனமா என்றேன். இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"நான் விழுந்ததுலேர்ந்து நீ ஒரு தடவகூடச் சிரிக்கல. என் வயிறு எனக்குத் தெரியும், ரிப்போர்ட் நல்லா வராது. உன்னோடதுன்னா நல்லா வரும்னு தோணுச்சு."

எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை கழிப்பறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். நீ அங்கே இருந்தால் வருகிறதும் வராது என்று உள்ளேயிருந்து முனகல் கேட்டது. நான் அசையவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் குப்பியும் கையுமாக வந்தார். நேரே பஸ் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தோம்.

ரிப்போர்ட் மோசமாகத்தான் வந்தது. வயிற்றுக்கு வயது எழுபது. சாப்பாட்டை மாற்றினால் அந்தக் கூட்டமும் மெல்ல மாறக்கூடும், ஆனால் இதயத்துக்கு அது எவ்வளவு உதவும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் இல்லாமல் ஒரு நாளைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுபது வயசு வயிற்றுக்கா இத்தனை வருஷம் வடித்துக் கொட்டினேன் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நிஜமாவே சிரிக்கிறியா?"

"பயமாத்தாங்க இருக்கு. பயந்துக்கிட்டேதான் சிரிக்கிறேன். போதுமா?"

போதும் என்றார். அடுத்த ஆளை டாக்டர் கூப்பிடும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.