பச்சை டிக்

மாத்திரையை விழுங்குவது ஒரு வேலை. விழுங்கியதை ஊருக்கு நிரூபிப்பது இன்னொரு வேலை. சலூன்காரருக்கு முதல் வேலையில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் போதும், போய்விடும். இரண்டாவது வேலைதான் அவர் உயிரை வாங்கியது.

மாத்திரைக்குள் மணல் துகள் அளவுக்கு ஒரு சில்லு இருக்கிறதாம். வயிற்றில் கரைந்ததும் அது விலாவுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பட்டைக்குச் சொல்லுமாம். பட்டை போனுக்குச் சொல்லும். போன் ஒரு பச்சை டிக் போட்டுக் குடும்பத்துக்கே சொல்லும். "யார் யார் பாக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணலாம்" என்று டாக்டர் அவரைப் பார்த்துத்தான் சொன்னார். பதில் சொன்னது மாப்பிள்ளை.

"எல்லாரும் பாக்கட்டும் டாக்டர், நம்ம குடும்பம்தானே."

சொல்லிக்கொண்டே மாமனாரின் போனில் ஒவ்வொருவராகச் சேர்த்தார். மனைவி, மகள், அக்கா. போகட்டும். சம்பந்தியம்மா எதற்கு? இவர் வயிற்றில் எது கரைந்தால் அந்த அம்மாளுக்கு என்ன? ஆனால் தினமும் பச்சை டிக் விழுந்ததும் முதல் ஆளாகக் கைதட்டும் படம் அனுப்புவது அவர்தான். பேரன் எடுத்த மனிதர், மாத்திரை விழுங்கியதற்குக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் தலையெழுத்து.

காரணம் இல்லாமலும் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் அவருக்குத் தூக்கம் அடியோடு போய்விட்டது. விடிய விடியப் பேசினார். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்றார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கண்காணிக்கிறார்கள் என்று சொன்னதற்கு அன்றைக்கு மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கு அந்த மாத்திரையே கண்காணிக்கிறது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சொன்னால் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

மாத்திரை அவரைச் சரியாக்கியது. அது சத்தியமான பேச்சு. அன்றிலிருந்து ஒரு வேளைகூட அவர் தவறவிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருந்தார். அதில் மட்டும் பிடிவாதம். "வீட்ல யாருக்கு வேணா தெரியட்டும் மாப்பிள்ளை. கடைக்கு மட்டும் அது வரக்கூடாது. கழுத்தக் காட்டிக்கிட்டு உக்கார்றவன் நம்பணும். நம்பலன்னா என் தொழில் போச்சு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சேச்சே, எனக்குத் தெரியாதா மாமா" என்றார் மாப்பிள்ளை.

அன்று காலை போனைச் சார்ஜரிலேயே மறந்துவிட்டுக் கடைக்கு வந்தார். பட்டையும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும். மாத்திரை கரைந்த நேரத்தில் அவர் கடையில் இருந்தார், போன் வீட்டு அலமாரியில் இருந்தது. டிக் விழவில்லை. மனைவியும் முன்பே வேலைக்குப் போய்விட்டதால் எடுத்துப் பேச ஆளில்லாமல் போன் அடித்து ஓய்ந்தது.

அவருக்கு இது எதுவும் தெரியாது. நாற்காலியில் எதிர்வரிசைக் கண்ணாடிக்கடைக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, முகம் நிறைய நுரையோடு படுத்திருந்தார். தினமும் முதல் சவரம் அவருக்குத்தான். ஒரு கன்னம் முடிந்து, கத்தி தொண்டைக்கு இறங்கியிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. மாப்பிள்ளை. சவரம் செய்யாத முகம், மேல்பொத்தான் போடாத சட்டை, கையில் மாற்றுச்சாவி போட்டு வீட்டைத் திறந்து எடுத்துவந்த மாமனாரின் போன்.

"மாமா, மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"போட்டுட்டுத்தான் வந்தேன். அப்புறம் பேசலாம்."

"போட்டா டிக் ஏன் வரல? அங்க எல்லாரும் பதறிக்கிட்டு இருக்காங்க. எங்கம்மா சாப்பிடக்கூட இல்ல."

"மாப்பிள்ளை. ஆள் இருக்காரு."

"இருக்கட்டும் மாமா. முதல்ல கத்தியக் கீழ வைங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணைத் திறந்தார். தலையை அசைக்கவில்லை. எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் கத்தியைப் பார்த்தார்.

"என்ன மாத்திரை?" என்றார், உதடு அசையாமல்.

"காமாலைக்கு" என்றார் சலூன்காரர்.

"காமாலையா?" என்றார் மாப்பிள்ளை. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? "எதுக்கு மாமா மறைக்கணும்? மனசுக்கும் உடம்பு மாதிரிதான் நோய் வரும்னு டாக்டரே சொன்னாருல்ல. ஒருநாள் விட்டாலும் பழையபடி ஆயிடும்னும் சொன்னாரு."

நல்ல கருத்துதான். சொன்ன இடம்தான் நாசமாகப் போக.

சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தார்.

"சாயங்காலம் வரேன். கடையில ஆள் இல்ல."

"இந்தப் பக்கம் மட்டும்தான் பாக்கி. ரெண்டு நிமிஷம்" என்றார் சலூன்காரர். அது கெஞ்சலாகக் கேட்டது அவருக்கே பிடிக்கவில்லை.

"பரவால்ல, பரவால்ல."

ஒரு கன்னம் மழமழவென்று, மறு கன்னத்தில் நுரையோடு அவர் சாலையைக் கடந்து போனார். தெருவே பார்த்தது. பூட்டுக்கடைக்காரர் ஏதோ கேட்க, அவர் நின்று பதில் சொன்னார். இரண்டு பேரும் திரும்பிச் சலூனைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் கையிலிருந்த போன் சிணுங்கியது. பட்டைக்குப் பக்கத்தில் வந்த போன், காலையில் கிடைக்க வேண்டிய செய்தியை இப்போது வாங்கிக்கொண்டது. பச்சை டிக். அடுத்த நொடி கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன.

"அட, போட்டுத்தான் இருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் மலர்ந்து. "இத முதல்லயே சொல்லக் கூடாதா மாமா?"

சலூன்காரருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தவில்லை. கத்தினால் அதற்கும் ஒரு டாக்டர் வருவார். பிளேடை மாற்றினார். துணியை உதறினார். நாற்காலியைத் திருப்பினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. முகம் காடு மாதிரி இருக்கு. மழிச்சு விடறேன்."

மாப்பிள்ளை நாற்காலியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். பிறகு போனை இன்னொரு தடவை பார்த்தார்.

"டிக்தான் வந்துருச்சே" என்றார் சலூன்காரர்.

"இல்ல மாமா, ஆபீசுக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.