விரல் நீளத்துக்கு ஓர் எலும்பு

குளிப்பாட்ட வந்த பெண்களை உள்ளே விடாமல் ஜுலைகா கதவை மறித்து நின்றாள். அறைக்குள் அவளுடைய அக்கா ஜரினா கட்டிலில் கிடந்தாள். விடியற்காலையில் மூச்சு நின்றது. இப்போது மணி இரண்டு.

“இன்னாத்துக்கு இன்னும் வெச்சிகினு கீறே? அசர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம் பண்ணணும்,” என்றார் அண்ணன் ஹாஜா மொய்தீன்.

“ஆபீஸ்காரங்க வர்ற வரிக்கும் பொறுக்கச் சொல்லிட்டுப் போயிருக்குது அக்கா, அண்ணே.”

“எலும்பை அறுக்கவா? மய்யித்து மேல கத்தி வெக்க உடுவியா நீ?”

ஜுலைகா கதவை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பூந்தமல்லித் தையல்காரர் மகள் ஜரினா வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, வடக்கே ஓர் அணு ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போனது அறுபத்தொன்றில். தெருவே வழியனுப்ப வந்தது. பத்து வருஷம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை மாட்டிய கைகளை விட்டு, கதிர்வீச்சுள்ள உலோகத்தைக் கரைத்து, வடித்து, பிரித்தெடுத்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், இந்த ஆராய்ச்சி முடியட்டும் என்பாள். ஒருநாள் பெட்டி கசிந்து அந்த உலோகப் பொடி அறையெங்கும் பரவியது. துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கும் எழுதி வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

போன வருஷம் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அந்தப் பொடி எலும்புல போய் உக்காந்துக்கும் ஜுலை,” என்றாள் போன வாரம். “விரல் நீளத்துக்கு ஓர் எலும்பு எடுத்து அளந்தாத்தான் எவ்ளோ போயிருக்குன்னு தெரியும். அந்த ரூம்ல இன்னும் நாலு பொண்ணுங்க வேலை செய்யுதுங்க.” சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் சென்னை ஆபீஸிலிருந்து பரந்தாமன் என்ற அதிகாரி இறங்கினார். கூட டாக்டர் யாரும் இல்லை.

ஜுலைகா கடிதத்தைக் கொடுத்தாள். அவர் முழுக்கப் படித்து, மடித்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் தேவையில்லைம்மா. ரத்தப் புற்று யாருக்கு வேணாலும் வரும். வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லேன்னு வீட்ல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“அளக்காமயே எப்படி சார் தெரியும்?”

அவர் அவளை விட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “உங்க மார்க்கத்துலயும் அறுக்கக் கூடாதில்லையா பாய்?”

ஹாஜா மொய்தீன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஜுலைகாவின் முகத்தைப் பார்க்காமல், “அவளை நல்லபடியா அனுப்பு,” என்றார்.

“அந்த லெட்டரையாச்சும் குடுங்க சார்.”

“ஃபைல்ல இருக்கட்டும்மா.”

வாசலோரம் சேலை மறைப்புக் கட்டி ஜரினாவைக் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார்கள். ஜுலைகா முதல் செம்பை ஊற்றினாள். இலந்தை இலை போட்ட தண்ணீர் அக்காவின் மேல் வழிந்து, மறைப்புக்கு அடியில் தெருவுக்கு ஓடியது.

சேலை இடுக்கில் ஜீப் தெரிந்தது. அதில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பரந்தாமன் குனிந்து பார்த்தார். தண்ணீர் அவருடைய பூட்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் சட்டென்று பின்னால் தாவினார்.

“வண்டியத் தள்ளி நிறுத்துய்யா! சீக்கிரம்!”

ஜுலைகா செம்பைக் கீழே வைத்தாள்.

“நீங்கள்லாம் வெளிய போங்க,” என்றாள் பெண்களிடம். “இந்தத் தண்ணி உங்க மேல பட வேணாம். நான் ஒருத்தியே குளிப்பாட்டிக்கிறேன்.”

அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கைவளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த செம்பை முகந்தாள்.