மூலையில் ஒரு விரல்

அப்பாவின் முகத்துக்கு நானூறு ரூபாய் என்றான் ஃப்ளெக்ஸ் அடிக்கும் விஜின். கோட்டு போட்டால் ஐம்பது கூடும்.

"தேங்கா யாவாரிக்குக் கோட்டு எதுக்கு? முந்நூறு வச்சுக்க," என்றாள் அஜிதா.

"சேச்சி, மரிச்ச வீட்டுல விலை பேசலாமா?"

"மரிச்ச ஆளு பேசியிருந்தா இருநூத்தம்பதுல நின்னிருப்பாரு."

முந்நூறில் முடிந்தது.

பழவங்காடி கோயில் வாசலில் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்ற அவள் அப்பா தாணுமாலையன், காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. நான்கு மணிக்கு உடலை எடுக்க வேண்டும். தெருமுக்கில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றால்தான் ஊர் வரும். ஆனால் படத்துக்கு எங்கே போவது? வீட்டில் படமெடுப்பவர் அவர்தான். அதனால் எதிலும் அவர் இல்லை. அஜிதாவின் போனில் பூனை இருந்தது, பிரியாணி இருந்தது, அப்பா இல்லை. ஆதார் அட்டையில் மட்டும் போலீஸில் பிடிபட்டவர்போல முழித்தார். விஜின் அதை ஏ.ஐ.யிடம் கொடுத்தான்.

ஃப்ளெக்ஸ் நின்றது. வழுக்கையில் முடி முளைத்திருந்தது. கோட்டு இலவசமாகவே வந்திருந்தது. கடைப்பெயருக்கு இடமில்லாதபடி தோள் அகன்றிருந்தது.

"இது ஆருடீ, பேங்கு மேனேஜரா?" என்றாள் அம்மா பொன்னம்மை.

அப்பாவின் கடைக்குப் பக்கத்துப் பூக்கடை வேலாயுதன் போன் செய்தார். "மோளே, அண்ணாச்சி இன்னும் கட தொறக்கல்லியே? முக்குல அதே பேருல ஒரு டாக்டரு மரிச்சிருக்கான். அண்ணாச்சிகிட்ட சொல்லு, சிரிக்கட்டு."

அஜிதா சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அவருக்குக் கிராக்கி வந்து, போனை வைத்துவிட்டார்.

இரண்டு மணிவரை முற்றத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. "இத்தன வருஷம் யாவாரம் பண்ணுன மனுஷன், தூக்க நாலு பேரில்லாம போணுமா?" என்றாள் அம்மா.

அஜிதா அப்பாவின் போனைத் திறந்தாள். கடைக்கு வருகிறவர்களைத் தேங்காயோடு நிறுத்திப் படமெடுத்து அவர்களுக்கே அனுப்புவது அவர் வழக்கம். ஒவ்வொன்றிலும் மேல்மூலையில், லென்ஸை மறைத்தபடி, சுட்ட அப்பளம்போல அவர் விரல். கடைத்தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். ஒரு படத்தை எடுத்து அவருடைய போனிலேயே ஸ்டேட்டஸ் வைத்தாள்: 'இந்த விரல் காலம்பற போயிட்டு. நாலு மணிக்கு எடுக்குது.'

பாதி கட்டிய மாலையோடு முதலில் ஓடிவந்தவர் வேலாயுதன். "அண்ணாச்சி, சிரிக்கச் சொன்னேனே நான்..." பின்னாலேயே கடைத்தெரு வந்தது. நாற்காலி போதவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அஜிதாவின் கையில் அப்பாவின் போன் நிற்காமல் சிணுங்கியது. அவர் எடுத்துக் கொடுத்த படங்களையெல்லாம் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணிட்டியா?" என்றாள் அம்மா.

"விரலு இருநூத்திப் பதினேழு."

"அவரு முகம்?"

அஜிதா அடுத்த படத்துக்கு நகர்த்தினாள். அதிலும் மூலையில் விரல்தான்.

"இருநூத்திப் பதினெட்டு, அம்மா."