மூன்று பேருக்கு ஒரு சைக்கிள்

சியோவா ஆற்றில் மூன்று பேருக்குக் குறைவாக இறங்கக்கூடாது என்பது எங்கள் கயாக் படகுக்காரர்களின் சட்டம். ஒருவர் முழுக, ஒருவர் கயிறு வீச, ஒருவர் பிறகு ஊருக்குள் போய் அதைப் பெரிதாக்கிச் சொல்ல. பத்து வருடமாக முழுகும் பதவி எனக்குத்தான்.

மற்ற இருவரில் மார்ட்டேவுக்குக் குளிர்காலத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. சீவெர்ட் வேலை கிடைத்து வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் ட்ரோம்சோ நகரத்துக்குப் போய்விட்டான். ஜூனில் பனி உருகி ஆறு ஏறியதும் நான் வழக்கம்போல் திட்டம் போட்டுக் குழுவில் அனுப்பினேன்: சனிக்கிழமை, காலை ஒன்பது, மேல் பாலம். மார்ட்டே, அழுகிற இரண்டு வாய்களின் படம் அனுப்பினாள். சீவெர்ட் ஒரு கட்டைவிரல். அது "வருகிறேன்" கட்டைவிரலா, "நல்லா இரு" கட்டைவிரலா என்று இரண்டு நாள் ஆராய்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"டேய் தூர்கெய்ர், நாளைக்கு யார் கூட இறங்குற?"

"ரெண்டு பேர் கிடைச்சிருக்காங்க. ஜெர்மன்காரங்க. பிரமாதமா துடுப்புப் போடுவாங்க."

சொல்லச் சொல்ல எனக்கே அவர்களைப் பிடித்துப்போயிற்று.

"போன வருஷம் மாதிரி சாவியை மேல விட்டுட்டு இறங்கிடாத."

போன வருடம், கீழே ஆற்றோரம் நிறுத்திய காரின் சாவி, மேலே பாலத்தில் நிறுத்திய காருக்குள் கழற்றிப் போட்ட என் சட்டைப்பையில் இருந்தது. மூவரும், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பில் கட்டும் ரப்பர் பாவாடையோடு பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தோம். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் அதுதான்.

"இந்தத் தடவை அந்தத் தொல்லையே இல்லடா. கீழ சைக்கிளைப் பூட்டி வெச்சிட்டு வந்துட்டேன். கரையேறினதும் மிதிச்சே மேல காருக்குப் போயிடுவேன்."



"மூணு பேருக்கு ஒரு சைக்கிளா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்த ஜெர்மன்காரங்க பேர் என்ன?"

"இன்னும் வைக்கல."

அவன் சிரிக்கவில்லை. "ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் வரேன். மார்ட்டேகிட்ட நானே பேசுறேன். அதுவரைக்கும் நீ தண்ணியில கால் வைக்காத."

"அப்போ தண்ணி குறைஞ்சிடும்."

"குறைஞ்சா கல்லு மேல தேய்ச்சிக்கிட்டுப் போவோம்."

சனிக்கிழமை ஆறு மிகச் சரியான மட்டத்தில் ஓடியது. அதற்கு வெட்கமே கிடையாது. நான் சைக்கிளை எடுத்துவரத்தான் கீழே போனேன். கயாக் கார்க் கூரையில் இருந்தது. இறக்க மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிவைத்திருந்தேன். பையைத் திறந்தால், பழக்கதோஷம், பிளாஸ்க்கோடு மூன்று கோப்பைகள். ஒன்றில் காப்பி ஊற்றிக் குடித்தேன். கூரைக் கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. விட்டுவிட்டுச் சைக்கிளிடம் போனேன்.

பூட்டின் சாவி வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தது.

பூட்டைப் படம் எடுத்து சீவெர்ட்டுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"ஆகஸ்ட்ல எல்லாச் சாவியும் என்கிட்டதான் இருக்கும்."