மூன்றில் ஒரு பங்கு

ரொலாந்தோ தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வரிசையாகப் பச்சை டிக்குகள். தினமும் எடுத்த பேக்கப் தினமும் வெற்றி என்று அது சாதித்துக்கொண்டிருந்தது. "ஒரு நாள்கூட விடல மிர்னா. எல்லாம் இருக்கு. அப்புறம் ஏன் சிஸ்டம் எந்திரிக்க மாட்டேங்குது?" என்று கேட்டான். கேள்வியில் பொய்யில்லை. ஆஸ்பத்திரி இயக்குநரின் அக்கா மகன் என்பதால் வேலைக்கு வந்தவன் என்றாலும் ரொலாந்தோ சோம்பேறியில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் அவனைத் திட்டுவதாவது சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் வாசல் மின்மாற்றி வெடித்ததில் நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த எங்கள் சர்வர் கருகிவிட்டது. பரானா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் வெயில் ஏறினால் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், எல்லோரும் மதியத் தூக்கம் போடுவார்கள், மின்சாரமும் சேர்ந்து தூங்கிவிடும். இது புதிதில்லை. கணக்குப் பிரிவிலிருந்து ஒரு சர்வரைக் கெஞ்சி வாங்கி திங்கட்கிழமை காலையில் ஓடவைத்தாயிற்று. பழைய தரவை அதில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஏற்றத்தான் ஒன்றுமில்லை.

ரொலாந்தோ எடுத்ததெல்லாம் அன்றாட பேக்கப். நேற்றிலிருந்து இன்று என்ன மாறியதோ அதை மட்டும் அது எடுக்கும். சட்டென்று முடிந்துவிடும், பச்சை டிக்கும் விழும். ஆனால் அதற்கெல்லாம் அடியில் ஒரு முழு பேக்கப் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், கிழங்கு மாவே இல்லாமல் முட்டையையும் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொண்டு சிபா ரொட்டி சுடப் பார்த்த கதைதான். முழு பேக்கப் எடுக்க நேரமாகிறது, நடுவில் கரண்ட் போகிறது என்று ரொலாந்தோ அதை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்திருந்தான். கடைசியாக முழுதாக எடுத்தது ஞா தியோ. அவளை வேலையைவிட்டு அனுப்பி அந்த இடத்தில் ரொலாந்தோவை வைப்பதற்கு முந்தைய வாரம் அது.

தியோதோசியா என்பது முழுப்பெயர். மூத்த பெண்களை மரியாதையாக ஞா சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். இந்த டேட்டாபேஸைக் கட்டியவளே அவள்தான். கரண்ட் போவதற்குள் வேலையை முடிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முழு பேக்கப்பை மூன்று டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் இணையாக எழுதவைப்பாள். மூன்றும் பங்கு போட்டு எழுதுவதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஒரு பங்கு குறைந்தாலும் மற்ற இரண்டும் வெறும் எடைதான். ஒருமுறை சர்வர் அறைக்குள் மழைவெள்ளம் புகுந்த பிறகு, மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்று இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்தினாள். ஒன்று மருந்தக அலமாரியில், ஒன்று என் வீட்டில், ஒன்று அவள் வீட்டில். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் எழுதிவைக்கவுமில்லை. அவளை அனுப்பியபோது அந்த டிஸ்க்கைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தெரியவுமில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. இயக்குநர் அவளுக்குப் போன் போட்டார். என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லி அவள் வைத்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிச் சொத்தைத் திருடியதாகப் போலீசில் புகார் கொடுக்கப்போவதாக அவர் குதித்தார். புகாரை எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினேன்.

பொழுது சாய்வதுகூடப் பரவாயில்லை, மதியம்தான் எனக்குப் பயமாக இருந்தது. எங்களுடையது குழந்தைகளின் புற்றுநோய்ப் பிரிவு. அங்கே கொடுக்கிற மருந்துகளில் ஒன்று ரத்தம் போலச் சிவப்பாக இருக்கும், தாய்மார்கள் எல்லோரும் அதைச் சிவப்பு என்றுதான் சொல்வார்கள். கட்டியைக் கரைக்கும், ஆனால் இதயத்தைத் தின்னும். ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. இதுவரை எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் அடுத்த பையைத் தொங்கவிட முடியாது. அன்று காலை யாமிலா என்ற சிறுமி அதற்காக வந்து உட்கார்ந்திருந்தாள். மதியம் வரை பொறுக்கிறேன், அதற்குமேல் தள்ளிப்போட்டால் கட்டி வளரும், தாயின் பையிலிருக்கிற பழைய மருந்துச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்து மருந்தை ஏற்றிவிடுவேன் என்று டாக்டர் பெனிக்னா சொல்லியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது.

ஞா தியோ முற்றத்து மாமரத்தடியில் தெரெரே என்கிற குளிர்ந்த இலைப்பானத்துக்கு மூலிகை இடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. கொம்புக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றி முதலில் தான் குடித்தாள், பிறகு ஊற்றி என்னிடம் நீட்டினாள். அதே உறிஞ்சுகுழலில்தான் நாங்கள் வருஷக்கணக்கில் ஆபீசில் குடித்திருக்கிறோம். நன்றி என்று சொல்லிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தால் எனக்குப் போதும் என்று அர்த்தம், பேச்சும் அதோடு முடிந்துவிடும். நான் வாயைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி ஊற்றினாள்.

"இல்லன்னு சொன்னேன். கேட்டிருப்பியே" என்றாள்.

"கேட்டேன் ஞா தியோ."

"இருக்குன்னு சொன்னா நான் திருடி. இல்லன்னு சொன்னா பொய்க்காரி. பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

பிறகுதான் கடைசி நாளைப் பற்றிச் சொன்னாள். நான் அன்று லீவில் இருந்தேன், எனக்குத் தெரியாது. வெளியே போகும்போது வாசலில் காவலாளி சிக்ஸ்தோவை விட்டு அவள் பையைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார் இயக்குநர். நோயாளிகள் வரிசையில் நின்று பார்க்க, சீப்பு, மருந்து, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. இடிப்பதை மட்டும் நிறுத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாத கோபம்.

யாமிலாவைப் பற்றிச் சொன்னேன். சீட்டுகளைக் கூட்டப் போகிறார்கள் என்றேன்.

"செவப்பா?"

"ஆமா."

"அந்தக் கொழந்தைய முதல்ல அசுன்சியோன் பெரிய ஆஸ்பத்திரிலதான் பாத்தாங்க. அங்க குடுத்தது சீட்டுல இருக்காது. போன் போட்டு அளவ வாங்கி நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். எவ்வளவுன்னு இப்ப ஞாபகமில்ல" என்றாள். டாக்டர் பெனிக்னா அப்போது இங்கே வந்திருக்கவில்லை. சொல்லிவிட்டு ஞா தியோ எழுந்தாள்.

உள்ளே போய், பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிய டிஸ்க்கோடு வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"நானே கொண்டாறேன். முன்வாசல் வழியா."

பின்வழியாகப் போகலாம், இயக்குநர் கோபத்தில் இருக்கிறார், புகாரைப் பாதி எழுதியிருப்பார் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நல்ல கூட்டம். இயக்குநர் படிக்கட்டில் நின்றிருந்தார். ஞா தியோ யாரும் கேட்காமலே சோதனை மேஜையின்மேல் தன் பையை வைத்து, அதன் வாயைத் திறந்து, துணியைப் பிரித்து, டிஸ்க்கை எல்லோரும் பார்க்கிற மாதிரி மேலே எடுத்து வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்க சிக்ஸ்தோ. ஆஸ்பத்திரியோடது. உள்ள போகுது."

சிக்ஸ்தோ பாவம், மேஜையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான். இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் அவரைத் தாண்டித்தான் போனோம்.

மூன்று டிஸ்க்குகளையும் செருகினோம். மூன்றும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கின. அவளுடையது ஒருமுறை நின்றது. பிறகு மறுபடி ஓடியது. முழுதும் ஏறி முடிந்ததும், மூலையில் ஒதுங்கி நின்ற ரொலாந்தோவைப் பார்த்து, "உன்னோடதும் வேணும், வா. வரிசை மாறாமப் போடு" என்றாள். அவன் ஓடிவந்து உட்கார்ந்தான். அந்தப் பச்சை டிக்குகள் ஒவ்வொன்றாக மேலே போய்ச் சேர்ந்தன. அவன் காதுகள் சிவந்திருந்தன, முகம் மட்டும் சின்னப் பையனுடையதைப் போல மலர்ந்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஞா தியோ தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனாள்.

டாக்டர் பெனிக்னா வந்து யாமிலாவின் பக்கத்தைத் திறந்தார். மொத்தம் என்ற கட்டத்தை நெடுநேரம் பார்த்தார். கையிலிருந்த சீட்டுகளை மீண்டும் கூட்டினார். சீட்டுகளின்படி இன்னும் இடம் இருந்தது. கட்டத்தின்படி துளியும் இல்லை. எழுந்து நடைக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

சிவப்புப் பை ஏற்கெனவே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போகும்படி நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார். யாமிலாவின் தாய் ஹெர்மெலிந்தா எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு இல்லையா டாக்டர்? விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்தோம்."

"இன்னிக்கு மட்டுமில்லம்மா. இந்த மருந்து இனிமே இவளுக்குக் கிடையாது. இதயம் தாங்காது. வேற வழி பாக்கணும்."

"வேற வழி இருக்கா?"

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். உட்கார்ந்து பேசலாம் என்று தன் அறைப்பக்கம் அழைத்துப் போனார். இதற்காகத்தானா அந்த மூன்று டிஸ்க்குகளும் என்று என் மனம் ஒரு கணம் கசந்தது. உடனேயே, இதற்காகத்தான் என்றும் பட்டது.

குழந்தை பெஞ்சில் தனியாக இருந்தாள். தனியாகவும் இல்லை. ஞா தியோ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லி உட்கார்ந்தாளோ தெரியாது. ஊசி போடுவதற்காக நரம்பைத் தேடி அடையாளம் வைத்து, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் அந்த மெலிந்த கையில் இருந்தது. யாமிலா கையை அவள் மடியில் நீட்டி வைத்திருந்தாள். வலிக்காமல் இருக்க, தண்ணீர் தொட்டு ஓரத்தை நனைத்து நனைத்து, ஞா தியோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தாள்.