ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் ஒரு முதுகு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பழுப்புக் கவரில் வந்து சேர்ந்தது. உத்வேகம், உள்மனம் என்றெல்லாம் கதைவிட எனக்கு முகமில்லை. கவருக்குள் ஒரே ஒரு புகைப்படம். கீழ்வீட்டுச் சுபிமல் கொண்டுவந்து நீட்டி, "திதி, இது உங்ககிட்ட இருக்கட்டும். நீங்க பாக்க வேணாம்" என்றான். (வங்காளத்தில் திதி என்றால் அக்கா.) சரி என்று வாங்கிக்கொண்டேன். அவன் படியிறங்கி முடிப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கூச்சப்பட்டால் அதையே எழுதிவிடலாம். நாலு பேர் 'என்ன நேர்மை!' என்பார்கள். (இந்த வாக்கியத்துக்குள் ஒரு தற்பெருமை உட்கார்ந்திருக்கிறது. அடித்துவிட வேண்டும். பிறகு.)

2.

முதல் தொடக்கம்:

'கல்கத்தாவின் தெற்கே, ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், மாசி மாதத்து மாலையொன்றில், சங்கொலியும் குலவையும் ஒரு கல்யாண மண்டபத்தின் எல்லாச் சன்னல்களிலிருந்தும்——'

வேண்டாம். இது மொட்டைமாடியில் நின்றுகொண்டு எழுதியது. மண்டபம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்:

'சுபிமலின் பெருவிரல் வியர்த்திருந்தது. நகத்தோரம் மஞ்சள்——'

இது மூக்கோடு மூக்கு முட்டுகிறது. முன்பின் தெரியாத ஒருவனின் நகத்தை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினால் நீங்கள் பின்வாங்குவீர்கள். முறையாக அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

சுபிமல் நந்தி, காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி கேயா. கேயாவின் தாய்வீட்டில்தான் குடித்தனம். அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. நம் ஊரைப் போலவே இங்கேயும் அதற்குத் தனிப் பெயரும் தனிச் சிரிப்பும் உண்டு. அந்த வீட்டின் மாடியில் நான் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். அவனை 'அவர்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன்; தள்ளிப் போய் நின்றுகொண்டார். 'அவன்' ஆக்கியதும் கொஞ்சம் கிட்ட வந்தான்.

கேயாவின் தங்கை டுக்டுகிக்குக் கல்யாணம் நிச்சயமானது. செல்லப் பெயர்தான், ஆனால் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அவளுடைய நிஜப் பெயரை நான் பார்த்ததில்லை. "நம்ம ஜாமாய்பாபுதான் படம் எடுக்கணும்" என்று அவளே கேட்டாள். அக்காள் புருஷனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனிடம் நல்ல கேமரா இருந்தது. லென்ஸ்தான் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

தர்மதலாவில் பழைய சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துச் சந்துக்கு அவனோடு நானும் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஜூம்: கறுப்பாக, கனமாக, முழங்கை நீளம். வளையத்தைத் திருகினால் மண்டபத்துக் கோடியில் இருக்கிற மூக்குத்தி உள்ளங்கைக்கு வந்துவிடும். இன்னொன்று பிரைம்: புளிப்பு மிட்டாய் டப்பா அளவுதான். அதில் திருகிக் கிட்டக் கொண்டுவருகிற வேலை நடக்காது. கிட்ட வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும்.

"கல்யாணத்துக்குன்னா ஜூம் எடுங்க தாதா" என்றார் கடைக்காரர். (இங்கே தாதா என்றால் அண்ணன்.) "நம்மாளுங்க கல்யாணத்துல காலை வைக்க இடம் ஏது, நடந்து போறதுக்கு?"

சுபிமல் ஜூமைக் கேமராவில் மாட்டி என்னைப் பார்த்தான். பிறகு கழற்றினான். பிரைமை மாட்டினான்.

"ஜூம்னா மூலையில நின்னே எடுத்துரலாம், இல்ல?"

"அதானே அதுல வசதி!"

"மூலை வேணாம்" என்றான்.

அப்போது எனக்கு அது ஏதோ கலைக்கொள்கை மாதிரி கேட்டது. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவன் எங்கே உட்காருவான், விருந்தாளி வந்தால் எந்த அறைக்குள் போய்விடுவான் என்பதையெல்லாம் தினமும் பார்க்கிறவள் நான். இருந்தும் உறைக்கவில்லை. கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கல்யாணத்தில் எல்லோரும் வழிவிடுவார்கள். அவன் ஒருநாள் நடுவில் நிற்க ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

3.

(இந்தப் பகுதியில் அந்தப் புகைப்படத்தை வர்ணித்திருந்தேன். ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். காரணம் கடைசியில்.)

4.

சுப திருஷ்டி* நேரம். மணப்பெண்ணை மணையில் உட்காரவைத்து அண்ணன் தம்பிமார் தூக்கி வருவார்கள். அவள் இரண்டு வெற்றிலையால் முகத்தை மூடியிருப்பாள். மாப்பிள்ளையைச் சுற்றி முடித்து எதிரே நிறுத்தியதும் வெற்றிலையை விலக்குவாள். அவள் கண் முதலில் அவன் கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

(*நம்மூரில் திருஷ்டி என்றால் சுற்றிப் போட வேண்டிய விஷயம். இங்கே அதற்கு முன்னால் சுபம் போட்டுக் கொண்டாடுகிறார்கள். எந்த ஊர் சொல்வது சரி என்று இந்தக் கதைக்குப் பிறகு எனக்குக் குழப்பம்.)

மாப்பிள்ளை சாயக். வெள்ளை நெட்டிக் கிரீடத்தோடு, வியர்த்துப்போய், யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு நின்றான். நல்ல பையன். கதைக்காக அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த புகைப்படக்காரர் ஜூமோடு ஒரு நாற்காலிமேல், பின்னால், சௌகரியமாக ஏறிக்கொண்டார். சுபிமலோ கூட்டத்தைப் பிளந்து நடுவே போனான். "ஜாமாய்பாபு, இன்னும் கிட்டப் போனா நீயே தாலி கட்டணும்!" என்று எவனோ கத்தினான். (இங்கே தாலி கிடையாது. அவன் சொன்னது வகிட்டில் குங்குமம் இடுவதை. நான் நம் பாஷைக்கு மாற்றிவிட்டேன்.) சிரிப்பு. மணை ஆடியது. பின்னாலிருந்து யாரோ இடிக்க, மணை தூக்கியவர்களில் ஒருவன் கால் மாற்றி வைக்க, டுக்டுகி ஒரு சாண் திரும்பிவிட்டாள். வெற்றிலை விலகியது.

எதிரே சுபிமல்.

முழங்கை நீள ஜூமாக இருந்திருந்தால் அவன் அவ்வளவு கிட்ட நின்றிருக்கவே மாட்டான். நின்றாலும் அவள் பார்த்திருப்பது ஒரு கறுப்புக் குழாயைத்தான். இது சின்ன லென்ஸ், சின்னக் கேமரா. வலது கண்ணில் வைத்தால் பாதி முகம் வெளியே தெரியும். படம் எடுக்கும்போது இடது கண்ணை மூடாத பழக்கம் வேறு அவனுக்கு. டுக்டுகியின் முதல் பார்வை அந்த இடது கண்ணில் விழுந்தது.

அவன் விரல் அமுக்கிவிட்டது.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டுக்டுகி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சாயக் பக்கம் திரும்பினாள். சாயக்கும் சிரித்தான். அவனுக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்புதான்.

5.

சாயக்கின் அத்தை, எல்லோருக்கும் பிஷிமா, சும்மா விடவில்லை.

"பொண்ணு மொதல்ல யாரைப் பாத்தா? சொல்லுங்க, யாரைப் பாத்தா?"

"கேமராவைப் பாத்தா பிஷிமா."

"கேமராவுக்கு மீசை இருக்கா?"

"ஒரு கண்ணுதானே தெரிஞ்சுது. ஒத்தக் கண்ணு கணக்குல வராது" என்றார் ஒரு மாமா.

"ஏன் வராது? அவ ரெண்டு கண்ணாலயும்தானே பாத்தா?"

மறுபடி வெற்றிலை பிடிக்கச் சொல்லலாமா என்று புரோகிதரைக் கேட்டார்கள். "முதல் பார்வை ஒண்ணுதான்மா, ரெண்டாவது பார்வைக்கு மந்திரம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். மீன் பரிமாறும்போது பேச்சு கேலியாக மாறியது. "ரெண்டு பொண்டாட்டிக்காரன்" என்று சுபிமலுக்குப் பெயர் வைத்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் சாப்பிடவில்லை.

நாற்காலிமேல் நின்றவரின் ஆல்பம் பதினைந்து நாளில் வந்தது. நடுப்பக்கம் இரண்டையும் விரித்துப் போட்ட பெரிய படம்: இடதுபுறம் கிரீடத்தின் நுனி, வலதுபுறம் வெற்றிலை பிடித்த ஒரு கை, நடுவே சுபிமலின் முதுகு.

டுக்டுகி வந்து கேட்டாள்: "ஜாமாய்பாபு, நீ எடுத்தியே, அது எங்க?"

"ஃபோகஸ் போயிடுச்சு. அழிச்சிட்டேன்."

அழித்தது நிஜம். அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டான். அவனை இன்றுவரை தலைகுனிய வைத்திருப்பது அந்த 'முன்னால்'தான்.

6.

கேயாவை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. முதல் பிரதியில் சந்தேகப்படுகிற மனைவியாக வந்தாள். இரண்டாவதில் எல்லாம் புரிந்த தேவியாக. இரண்டுமே பொய். அவள் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

மொட்டைமாடியில் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கப் போயிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி ஓரம் சுபிமல் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை. மறைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இது சாயக்குக்குன்னு அவ வச்சிருந்த பார்வை" என்றாள்.

"தெரியும்."

"ஃபோகஸ் போயிடுச்சுன்னியே?"

அவன் படத்துக்காகக் கை நீட்டினான்.

"பிடிச்சிருக்கா?"

"கேயா, தப்பா நினைக்காத. டுக்டுகி மேல எனக்கு... சீ, அப்படி ஒண்ணும் இல்ல. என்னை யாரும் இப்படிப் பாத்ததில்ல. அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

கேயா ஜாடியின் வாயில் துணியை இழுத்துக் கட்டினாள்.

"நம்ம சுப திருஷ்டியில நான் வெற்றிலையை எடுத்தப்ப நீ எங்க பாத்த, ஞாபகம் இருக்கா? ஃபோட்டோக்காரன் சரியான இடத்துல நிக்கிறானான்னு பாத்த. நீ திரும்புறதுக்குள்ள எனக்குக் கண்ணு வலிச்சுப்போச்சு."

அவன் எழுந்து நின்றானாம். "அழுதானா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு திதி?" என்றாள். (கேட்டிருக்கக் கூடாது. கதைக்குத் தேவைப்பட்டது என்று சொன்னால் இன்னும் அசிங்கம்.)

கீழே இறங்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "அது சாயக்கோடது. குடுத்துடு."

"என்னன்னு சொல்லிக் குடுக்குறது? உன் பொண்டாட்டி என்னைப் பாத்தப்ப எடுத்ததுன்னா?"

கவர் என்னிடம் வந்தது அன்று சாயங்காலம்.

7.

முடிவுகள்.

(அ) சுபிமல் படத்தைக் கிழித்து ஏரியில் போடுகிறான். எழுதிப் பார்த்தேன். அப்படியொரு பார்வை உலகத்தில் வேறெங்கும் இல்லை. சாயக் பக்கம் திரும்பும்போது அது சிரிப்பாகிவிட்டது. இருக்கிற ஒரே இடம் அந்தக் காகிதம். கிழிக்க எனக்கே கை வரவில்லை.

(ஆ) விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கிறான், சாயக் கட்டிக்கொள்கிறான், பிஷிமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தீபாவளி மலருக்கு அனுப்பினால் நிச்சயம் போடுவார்கள்.

(இ) படம் காலத்துக்கும் என்னிடமே இருந்துவிடுகிறது. இலக்கியமாக இதுதான் பலமான முடிவு என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இதில் ஆதாயம் எனக்கு மட்டும். படம் மேசைமேல் சாய்ந்து நிற்கிறது. நான் அதைப் பார்த்துப் பார்த்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் அவன் செய்ததற்கும் இதற்கும் ஒரு மாடிப்படிதான் வித்தியா——

8.

கதவு தட்டப்பட்டதால் மேலே உள்ள வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது.

இன்று ஜாமாய் சஷ்டி. மாப்பிள்ளைகளை மாமியார் உட்காரவைத்து விசிறி, வயிறு முட்டச் சோறு போடும் நாள். பழைய மாப்பிள்ளையும் புது மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து இலை. காலையிலேயே கீழே பிஷிமாவின் கேலிகூட ஃபோனில் வந்து சேர்ந்துவிட்டது: "ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கு ரெண்டு மாங்காய் வைங்க!"

சுபிமல் புது வேட்டியில், மணிக்கட்டில் மஞ்சள் நூலோடு நின்றான். வலது கையில் கடுகு வாசனை. பாதியில் எழுந்து வந்திருக்கிறான்.

"திதி, அந்தக் கவர்."

"என்ன பண்ணப் போற?"

"தெரியல. சாயக் தன் இலையில இருந்த பெரிய மீன் தலையை எடுத்து என் இலையில வச்சான். 'தாதா, உங்களுக்குத்தான் தலை பிடிக்கும்'னான். அதுக்கு மேல உக்கார முடியல." மேசையைப் பார்த்தான். "பாத்துட்டீங்க."

"பாத்துட்டேன்."

"பாப்பீங்கன்னு தெரியும். நான் ஒருத்தன் மட்டும் பாத்தேங்கறது தாங்கல. அதான் குடுத்தேன். நானும் நல்லவன் இல்ல திதி." காகிதங்களைத் தொடாமல் குனிந்து பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன எழுதுவேன் என்று தெரியும். "கதையா?"

"ம்."

"அதுல அவ முகம் இருக்கா?"

"ஒன்றரைப் பக்கம்."

"எடுத்துடுங்க. சாயக் இன்னும் பாக்கல."

மூன்றாம் பகுதி போனது இப்படித்தான். 'இன்னும்' என்று அவன் சொன்னதை வைத்து நீங்கள் முடிவை ஊகிக்கலாம். நான் ஊகிக்கவில்லை, இதுவரை ஊகித்தது போதும்.

படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பால்கனியிலிருந்து பார்க்கிறேன். முற்றத்துக் குழாயடியில் சாயக் தனியாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறான். சுபிமல் வாசற்படியில் நிற்கிறான். கேயா சமையலறைச் சன்னலில். மேலிருந்து எல்லாமே தெளிவாகத் தெரிகிறது, நாற்காலிமேல் ஏறிய அந்தப் புகைப்படக்காரருக்குத் தெரிந்த மாதிரி. சுபிமல் முற்றத்தில் கால் வைத்துவிட்டான். எனக்குத் தெரிவது மறுபடியும் அவன் முதுகுதான்.

கொடுப்பானா, குழாயடி வரை போய்த் திரும்பிவிடுவானா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொடுப்பதாக எழுதினால் ஒரு உபகாரம் செய்யுங்கள். சாயக் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கவரைப் பிரிக்கும்போது எட்டிப் பார்க்க வேண்டாம். நான் பால்கனிக் கதவைச் சாத்துகிறேன். நீங்களும் கொஞ்சம் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.