தைரியமான பொண்ணு

உமைராவுக்குப் பால் வரும். சாயங்காலமானால் விடுதி வார்டன் கெங்கம்மாளே மாடி ஏறி வந்து, தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளரை நீட்டி, "ஆறிப்போறதுக்குள்ள குடிச்சுடு கண்ணு" என்பார். அதே கெங்கம்மாள்தான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "மெஸ்ல கஞ்சி கீது, போய் வாங்கிக்க" என்று கீழே இருந்தபடியே கத்தியவர். பாலின் மேல் ஆடை கெட்டியாகப் படிந்திருக்கும். உமைரா அதை விரலால் எடுத்துத் தட்டில் ஒதுக்கிவிட்டுக் குடிப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு வயிறு எரியும்.

கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது எங்கள் நர்சிங் கல்லூரி. இரண்டு பேரும் மூன்றாம் வருடம், ஒரே அறை. அவள் பழவேற்காடு. அவள் வாப்பா ஷஃபியுல்லா அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் எளாவூர். என் நைனா மோசஸ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை முன்னால் நிற்பவர். அறையில் இருந்தது அடுக்குக் கட்டில். கீழ்க் கட்டில் முதலில் என்னுடையது. மாத்திரை மயக்கத்தில் உமைரா மேலிருந்து விழுந்துவிடப் போகிறாள் என்று பிரின்சிபால் சொன்ன பிறகு அதுவும் அவளுக்குப் போனது.

எல்லாம் தீக்காய வார்டில் ஆரம்பித்தது. ஏதோ ஒரு உலையில் கொதிக்கும் இரும்பு தெறித்து வெந்துபோன ஒரு பீகார்ப் பையனை நானும் உமைராவும் பார்த்துக்கொண்டோம். அவன் பேசுவது எங்களுக்குப் புரியாது. எங்களை "தீதி, தீதி" என்று கூப்பிடுவான், அக்கா என்று அர்த்தமாம். ஒரு காலையில் அவன் இறந்துபோனான். உமைரா டிரேயைக் கீழே போட்டுவிட்டு அலறினாள், அப்படியே சரிந்தாள். வார்டே அவளைத் தூக்க ஓடியது. நான் மட்டும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ தைரியமான பொண்ணு. நீயே முடிச்சுடு" என்றார்.

முடித்தேன். அவன் கண்ணை மூடிவிட்டேன், மூக்கில் பஞ்சு வைத்தேன், தாடையைக் கட்டினேன், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன். வேகாமல் மிஞ்சியிருந்த முன்கையைத் துடைக்கும்போது கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. உலை வேலை செய்கிறவர்களுக்கு நெருப்புப் பொறி பட்டுப்பட்டு வருகிற புள்ளிகள் அவை. என் நைனாவின் கையிலும் அதே இடத்தில் அதே மாதிரி இருக்கும். துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் இட்லி சாப்பிட்டேன். "ஜெனிபர் செம தைரியம்ப்பா" என்று வகுப்பு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

உமைரா அன்றிலிருந்து சாப்பிடவில்லை, பேசவில்லை. சென்னையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் அதற்கு மனச்சோர்வு என்று ஒரு பெயர் கொடுத்தார். பெயர் கிடைத்ததும் கல்லூரியே அவளுக்குத் தாய் ஆகிவிட்டது. நைட் டியூட்டி கிடையாது. அந்த நைட் டியூட்டியெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? தைரியமான பொண்ணின் தலையில்தான்.

அவளிடம் இருந்த துணிமணி மேல் எனக்குக் கண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாப்பா கட்டிக்கொண்டு வரும் இறால் பிரியாணி மேலும் இல்லை, அதில் எனக்கும் பங்கு வந்துவிடும். அவளுடைய வியாதி மேல்தான் எனக்குப் பொறாமை. ஏனென்றால் நானும்தான் தூங்கவில்லை. படுத்தால் நெஞ்சு திடும்திடும் என்று அடிக்கும், மூச்சு பாதியில் நின்றுவிடும். ஊசியில் மருந்து ஏற்றும்போது விரல் நடுங்கும், யாரும் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வேன். கண்ணை மூடினால் அந்தக் கை வரும், அது நைனாவின் கையாக மாறும். ஒரே ஒருவர், யாராவது ஒருவர், "உனக்கு என்ன ஆச்சு" என்று கேட்டால் போதும் என்று இருந்தது. நான் பிழைப்பதே அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிற அளவுக்குப் போயிருந்தேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். நைனா எடுத்த எடுப்பில், "இன்னாம்மா, அந்த உமைரா பாப்பா எப்டி கீது? பாவம், கூடவே இருந்து பாத்துக்கோ" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரை அப்படியே வைத்துவிட்டேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டு எங்கள் டியூட்டர் புஷ்பலீலா மேடமிடம் போனேன். "மேடம், எனக்கும் தூக்கம் வரல. படபடன்னு வருது" என்றேன். மேடம் சிரித்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அது நாங்கள் மனநலப் பாடம் படித்த வருடம். புத்தகத்தில் எந்த வியாதி வந்தாலும் அந்த வாரம் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வியாதி வந்துவிடும். "இப்ப மனச்சோர்வுப் பாடம் நடக்குதில்ல, அதான்" என்றார். "உமைராவைப் பக்கத்துலயே பாக்குறே வேற. உனக்கெல்லாம் ஒண்ணும் வராது ஜெனிபர், நீ தைரியமான பொண்ணு." அந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

உமைரா தேறி வந்தாள். வார்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் முதல் வருடப் பாடங்களை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லியிருந்தார் மேடம். ஒரு ஞாயிறு மதியம், "டீ ஜெனி, பேஷண்டா உக்காரேன். நாடி, மூச்சு ரெண்டும் பாத்துக்கறேன்" என்றாள். இதற்கும் நானா என்று எரிச்சல் வந்தது. கையை நீட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பிடித்தவள் விடவேயில்லை.

"எவ்ளோ நேரம்டி நாடி பாப்பே? எனக்கு மத்த வேலயே இல்லயா?"

"நாடி எப்பவோ முடிஞ்சிச்சி" என்றாள் உமைரா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வருடத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் அது. நாடியை எண்ணி முடித்தாலும் கையை விடாதே. இன்னும் நாடிதான் பார்க்கிறாய் என்று நோயாளி நினைத்துக்கொண்டிருக்கட்டும், நீ சத்தமில்லாமல் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். நூறு பேருக்கு நான் செய்த தந்திரத்தில் நானே விழுந்து கிடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கடிகாரத்தில் இல்லை, என் மேல் இருந்தது.

"மூச்சா இது? தூக்கித் தூக்கிப் போடுது" என்றாள். "நீ முழிச்சினு இருக்கறப்பல்லாம் கட்டில் ஆடுதுடி. நான் கீழதானே படுத்துனு கீறேன். மாத்திர மயக்கத்துல கனவுன்னு நெனச்சேன். இப்ப மாத்திர கொறஞ்சிச்சி, ஆட்டம் கொறயல." அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "ஒனக்கு இன்னா ஆச்சி?"

அந்தக் கேள்வி! எத்தனை பேரிடம் எதிர்பார்த்தேன், போயும் போயும் இவளிடமிருந்தா வர வேண்டும்? கையை உதறினேன். அவள் விடவில்லை. "நான்தான் அவனைத் தொடச்சேன்" என்றேன். "நீ அலறினே, ஒன்னத் தூக்கினு போனாங்க. நான் அவன் கையத் தொடச்சேன். அது எங்க நைனா கை மாறியே இருந்துச்சி. நான் அலறலையே, எனக்கு யாரு வருவா?" வார்டில் அழ வேண்டிய அழுகையெல்லாம் அந்த மதியம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது.

முகம் கழுவ வைத்து, "வா, மேடங்கிட்ட போலாம்" என்றாள்.

"போயாச்சி. புக்கு படிச்சி வந்த வியாதின்னாங்க."

"நான் சொன்னா நம்புவாங்க. எனக்கு வந்தத அவங்க பாத்துக்கீறாங்க இல்ல?"

வியாதியிலும் அவள் எனக்கு சீனியர் என்ற தோரணை. கடுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போனேன். மேடம் வீட்டு வாசலில் என் கையைப் பிடித்தபடியே நின்று, "மேடம், இவ தைரியமான பொண்ணு இல்ல. தயவுசெஞ்சி இனிமே அப்டிச் சொல்லாதீங்க" என்றாள். மேடம் சிரிக்கத்தான் வாயெடுத்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மறுநாள் சென்னைக்கு அவரே அழைத்துப் போவதாகச் சொன்னார்.

மேடம் சொல்லிவிட்டிருப்பார் போல, அன்று சாயங்காலம் கெங்கம்மாள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். "சூடு ஆறதுக்குள்ள குடி கண்ணு" என்று எனக்கும் சொன்னார். மூடியைத் திறந்து என் பாலையும் அவள் பாலையும் பார்த்தேன். அவளுடையதில்தான் ஆடை அதிகம். இதிலும் ஓரவஞ்சனையா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் உமைரா தன் டம்ளரிலிருந்து ஆடையை வழித்து என் டம்ளரில் போட்டாள்.

"குடி" என்றாள். "தெனம் இதத்தானே பாத்துனு இருந்தே."